ஒரே வீடு, இரண்டு விசா: தண்டையார்பேட்டைத் தம்பதியின் கனடாப் பயணம்

பிள்ளையிடம் போய்க் கொஞ்ச காலம் தங்க வேண்டும், எந்த விசா எடுப்பது? வடசென்னையில் இன்று பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. துறைமுகத்திலும் மணலி ஆலைகளிலும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலும் உழைத்துப் படிக்கவைத்தவர்களின் பிள்ளைகள் டொராண்டோவிலும் மெல்போர்னிலும் வேலை பார்க்கிறார்கள். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், தெரிந்த குடும்பங்களுக்குக் கட்டணமின்றி விசாக் காகிதங்களைச் சரிபார்த்துத் தருகிறேன். அப்படிப் பார்த்தவற்றில் தண்டையார்பேட்டையைச் சேர்ந்த ஒரு தம்பதியின் பயணத்தை, அவர்கள் ஒப்புதலோடு, பெயரும் தெருவும் இல்லாமல் இங்கே எழுதுகிறேன். ஒரே வீட்டில் வாழும் கணவனுக்கும் மனைவிக்கும் வெவ்வேறு விசா ஏன் பொருந்தியது என்பதுதான் இந்த ஆய்வு.

பின்னணி

பெரியவர் சென்னைத் துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வு பெற்றவர். 2024இல் அவருக்கு வயது 66. அம்மாவுக்கு 61, எட்டாம் வகுப்புவரை படித்தவர். கீழ்த்தளத்தில் அவர்கள் குடியிருக்க, மாடியில் இரண்டு குடித்தனங்கள் வாடகைக்கு இருக்கின்றன. ஒரே மகள். கணினித் துறையில் வேலை செய்யும் அவர் டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் கணவருடன் வசிக்கிறார். 2022இல் நிரந்தர வசிப்புரிமை பெற்றார். முதல் பிரசவம் 2025 ஜனவரியில் என்று மருத்துவர் தேதி குறித்திருந்தார். மாப்பிள்ளைக்கு முறை வைத்து மாறும் இரவுப் பணி. அவருடைய பெற்றோரால் பயணம் செய்ய இயலாது.

2024 ஜூன் மாதத்தில் அவர்கள் என்னிடம் வந்தபோது முடிவு ஏறக்குறைய எடுக்கப்பட்டிருந்தது. விசா வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவர், இருவருக்கும் சாதாரண வருகையாளர் விசா போட்டுவிடலாம், ஆறு மாதம் என்று எழுதிவிட்டு அங்கே போனபின் நீட்டித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். "ஊரில் எல்லாரும் அப்படித்தானே சார் போகிறார்கள்?" என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் விசாவுக்குப் போவதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டியிருந்தது.

எத்தனை மாதம், எதற்காக?

மகளை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் அம்மா எப்போதெல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். பிரசவத்தை ஒட்டிய மூன்று மாதங்கள் என்று உடனே சொன்னார். அப்புறம் யோசித்துவிட்டு, வேலைக்குத் திரும்பும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டார். கனடாவில் வேலைக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தாய்க்கு 15 வாரம் மகப்பேற்று உதவித்தொகை உண்டு. அதன்மேல் பெற்றோர் உதவித்தொகை, வழக்கமான திட்டத்தில் ஒருவருக்கு 35 வாரம்வரை கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் ஓராண்டுக்கு இரண்டு வாரம் குறைவு. அதாவது 2026 தொடக்கத்தில் மகள் அலுவலகம் போக வேண்டும். குழந்தைக்கு அப்போதுதான் ஒரு வயது. நல்ல குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்க நேரும். ஆகவே அம்மாவின் உதவி ஒன்றரை ஆண்டாவது தேவை என்பது அந்த உரையாடலிலேயே தெரிந்துவிட்டது.

பெரியவரின் நிலைமை வேறு. ஓய்வூதியம் தடையில்லாமல் வர, ஒவ்வொரு நவம்பரிலும் அவர் உயிர்வாழ்ச் சான்று தர வேண்டும். வெளிநாட்டிலிருந்து இந்தியத் துணைத் தூதரகம் வழியாகவும் அதைச் செய்ய முடியும். ஆனால் நேரில் போய்க் கையெழுத்திட்டால்தான் அவருக்கு மனம் ஆறும். மாடி வாடகை, மாநகராட்சிச் சொத்து வரி, மழைக்காலத்தில் மொட்டை மாடியில் தேங்கும் தண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. நான்கைந்து மாதத்துக்கு மேல் வீட்டைப் பூட்டிவைக்க அவருக்கு விருப்பமே இல்லை. "பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும், திரும்பி வர வேண்டும்" என்றார். அம்மாவோ ஒன்றும் சொல்லவில்லை. மகள் அழைக்கும்வரை இருப்பார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஒருவருக்கு ஐந்து மாதம், மற்றவருக்குப் பதினெட்டு மாதம். தம்பதி என்பதற்காக இருவரையும் ஒரே விசாவில் கட்டிப்போட வேண்டிய அவசியம் எங்கும் இல்லை. பல குடும்பங்கள் இந்த இடத்தை யோசிக்காமலே கடந்துவிடுகின்றன.

திறந்திருந்த வழிகள்

பெற்றோரை நிரந்தரமாகக் குடியேற்றும் திட்டம் கனடாவில் உண்டு. ஆனால் ஆதரவளிக்க விரும்புவோர் புதிதாகப் பெயர் பதியும் வாய்ப்பு கடைசியாகத் திறந்தது 2020இல். அதன்பிறகு அந்தப் பட்டியலிலிருந்தே அழைப்புகள் சென்றன. 2022இல் வசிப்புரிமை பெற்ற மகளுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. தவிர, இவர்கள் குடியேறவும் விரும்பவில்லை. இதில் நேரம் செலவிடாமல் அடுத்ததற்குப் போனோம்.

வருகையாளர் விசாவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் பல ஆண்டுகள் தள்ளி ஒரு தேதி இருந்தால், அதுவரை அங்கேயே தங்கலாம் என்று நினைக்கிறார்கள். அந்தத் தேதி, எதுவரை அந்த நாட்டின் வாசலுக்குப் போகலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. ஒருமுறை நுழைந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர் விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி. கனடாவில் வருகையாளர்களுக்கு அது பொதுவாக ஆறு மாதம். முத்திரையில் தேதி எதுவும் எழுதப்படாவிட்டாலும் ஆறு மாதம்தான்.

நீட்டிப்பு கேட்பதில் தவறொன்றும் இல்லை. அனுமதி முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், பதில் வரும்வரை சட்டப்படியே அங்கு இருக்கலாம். ஆனால் பதில் மறுப்பாகவும் வரலாம். பேத்தியின் ஒன்பதாவது மாதத்தில் பாட்டி பெட்டி கட்ட நேரலாம். இதைவிடப் பெரிய சிக்கல், விண்ணப்பத்தில் தங்கப்போகும் காலம் என்ன என்ற கேள்விக்கு எழுதும் பதில். பதினெட்டு மாதம் தங்கும் எண்ணத்தோடு ஆறு மாதம் என்று எழுதினால் அது பொய்த் தகவல். கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் பொய்த் தகவலுக்கு ஐந்து ஆண்டுகள் நுழையத் தடை. இங்கே யாரோ ஒருவர் வசதிக்காக நிரப்பிவிடும் ஒரு கட்டத்துக்காக, ஒரு தாய் ஐந்து ஆண்டுகள் மகளைப் பார்க்க முடியாமல் போகலாம். மனத்தில் இருக்கும் காலமும் காகிதத்தில் எழுதும் காலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மூன்றாவது வழி சூப்பர் விசா. கனடாவின் குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள் ஆகியோரின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் மட்டுமே உரியது. முன்பு ஒரு நுழைவுக்கு இரண்டு ஆண்டு தங்கலாம் என்றிருந்தது, 2022 ஜூலை 4 முதல் ஐந்து ஆண்டாக உயர்ந்தது. விண்ணப்பக் கட்டணம் வருகையாளர் விசாவுக்கு உள்ள அதே 100 கனடிய டாலர். கைரேகைப் பதிவுக்கு 85 டாலர். ஆனால் கூடுதலாக மூன்று கேட்கிறார்கள்: மகளின் வருமானம் நிர்ணயித்த அளவுக்கு மேல் இருக்க வேண்டும், குறைந்தது 1,00,000 டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும்.

அம்மாவுக்குச் சூப்பர் விசா, பெரியவருக்கு வருகையாளர் விசா என்று முடிவு செய்தோம். பெரியவர் தயங்கினார். "ஒருத்தருக்குக் கிடைத்து ஒருத்தருக்குக் கிடைக்காமல் போனால்?" என்று கேட்டார். கிடைத்தவர் முதலில் போகட்டும், மற்றவர் பின்னால் போகட்டும் என்றேன். அது எவ்வளவு உண்மையாகப் போகிறது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

முதலில் பாஸ்போர்ட்

அம்மாவின் பாஸ்போர்ட் 2026 தொடக்கத்தில் முடிவதாக இருந்தது. விசாவின் ஆயுள் பாஸ்போர்ட்டின் ஆயுளைத் தாண்டாது. தங்கும் அனுமதியும் அப்படித்தான். ஐந்து ஆண்டுத் தகுதியுள்ள விசாவை அந்தப் பாஸ்போர்ட்டில் வாங்கினால் பலன் ஓராண்டோடு நின்றுவிடும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் அமைந்தகரை சேவை மையத்தில் நேரம் பதிவு செய்து புதுப்பித்தோம். நீண்ட காலம் தங்கப் போகும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்.

அதே பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பும் இருந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு இடப்படும் குறிப்பு அது. இதை வைத்துக்கொண்டு கனடாவுக்கே போக முடியாது என்று பக்கத்து வீட்டில் யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்த அனுமதி வேண்டும். மகளைப் பார்க்கக் கனடா போகிறவருக்கு அதனோடு சம்பந்தமே இல்லை. மேலும் 50 வயது கடந்தவர்களுக்கு அந்த நிபந்தனையே கிடையாது. புதுப்பித்தபோது குறிப்பு நீங்கிவிட்டது, அம்மாவின் பயமும் தீர்ந்தது.

உறவை நிறுவுதல்

இவர் என் மகள் என்பதற்கு ஒரு தாய் சான்று காட்ட வேண்டிய நேரம் இது. மகள் பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில். பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் வீட்டில் அழைக்கும் சுருக்கமான வடிவில் இருந்தது. பாஸ்போர்ட்டிலோ முழுப் பெயர், அதிலும் கணவர் பெயர் குடும்பப் பெயராக. மகளின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் இனிஷியல் விரித்து எழுதப்பட்டிருந்தது. நமக்கு இவை ஒரே குடும்பத்தின் பெயர்கள் என்று பார்த்தவுடன் தெரியும். நம் பெயர் முறை தெரியாத ஓர் அதிகாரிக்கு இவை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பெயர்கள்.

அம்மாவின் இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி, மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை இரண்டையும் உடன் இணைத்தோம். தமிழில் இருந்தவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு. கூடவே, தமிழ்ப் பெயர்களில் இனிஷியல் எப்படி வருகிறது என்று நான்கு வரியில் ஒரு விளக்கம். இந்த நான்கு வரி எந்தப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை. ஆனாலும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் அதை இணைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

வருமானக் கணக்கில் மகள், மாப்பிள்ளை, பெற்றோர் இருவர் என நால்வரைச் சேர்த்தோம். குழந்தை பிறந்தபின் உயரும் எண்ணிக்கைக்கும் வருமானம் போதுமா என்று பார்த்துக்கொண்டோம். மாப்பிள்ளையும் இணைந்து கையெழுத்திட்டதால் இருவர் வருமானமும் சேர்ந்தது. கனடிய வருமான வரித் துறையின் மதிப்பீட்டு அறிக்கையும் வேலைக் கடிதமும் அதற்குச் சான்று.

காப்பீடு: படிக்காமல் வாங்கக் கூடாத காகிதம்

கனடாவில் வருகையாளருக்கு மாகாண அரசின் மருத்துவ வசதி கிடையாது. ஒரு நாள் மருத்துவமனைப் படுக்கைக்கே ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் வரும் நாடு. ஆகவே காப்பீட்டை விசாவுக்கான சடங்காக நினைத்து, கிடைப்பதில் மலிவானதை வாங்குவது ஆபத்து.

அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையில் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறார். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பொறுப்பேற்கும் பாலிசிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் நிலைத்தன்மை என்று ஒரு நிபந்தனை வரும். பயணத்துக்கு முந்தைய இத்தனை நாட்களில், பாலிசியைப் பொறுத்து 90 அல்லது 180 நாட்கள், அந்த நோய்க்கு மருந்தின் பெயரோ அளவோ மாறியிருக்கக் கூடாது. மாறியிருந்தால் அந்த நோயால் வரும் செலவைத் தர மாட்டார்கள். மாத்திரையின் அளவைக் குறைத்திருந்தாலும் அது மாற்றமாகவே கொள்ளப்படலாம். அம்மாவுக்கு மே மாதத்தில்தான் சர்க்கரை மாத்திரையின் அளவை மாற்றியிருந்தார்கள். பயணம் டிசம்பருக்கு மேல்தான் என்பதால் 180 நாள் கடந்துவிடும். இந்தத் தேதிக் கணக்கை அவருடைய மருந்துச் சீட்டை மேசையில் விரித்துவைத்துப் பார்த்தோம். அதற்கப்புறம், தவிர்க்க முடிந்த மாற்றங்களைப் பயணம்வரை செய்ய வேண்டாம் என்று மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டார்கள். உடம்புக்குத் தேவையென்றால் மாற்றத்தான் வேண்டும். அப்போது காப்பீட்டு நிறுவனத்திடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அப்போது கனடிய நிறுவனத்தின் பாலிசி மட்டுமே செல்லும். 2025 ஜனவரி இறுதியிலிருந்து, கனடாவின் நிதி நிறுவனக் கண்காணிப்பு அமைப்பு அனுமதித்த வெளிநாட்டு நிறுவனங்களின் பாலிசியையும் ஏற்கிறார்கள். முழுத் தொகையும் கட்ட முடியாதவர்கள் முன்பணம் செலுத்தித் தவணையில் கட்டலாம். விலைப்புள்ளிக் கடிதம் மட்டும் காட்டினால் ஏற்க மாட்டார்கள். மகள் தவணை முறையைத் தேர்ந்தெடுத்தார். பயணத் தேதி தள்ளிப்போனால் தொடக்க நாளை மாற்றிக்கொள்ள முடியுமா, விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். முதல் கேள்வி பின்னால் மிகவும் கைகொடுத்தது.

பெரியவரின் விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை. ஆனாலும் எடுத்தோம். கட்டாயமில்லை என்பதால் நெஞ்சுவலி வராமல் இருந்துவிடுமா?

ஓட்டேரி அட்டை

செப்டம்பரில் இரண்டு விண்ணப்பங்களும் போயின. பெரியவரின் விண்ணப்பத்தோடு வைத்த கடிதத்தில், மனைவி சூப்பர் விசாவுக்குத் தனியே விண்ணப்பித்திருக்கிறார், நீண்ட காலம் தங்குவார், நான் ஐந்து மாதத்தில் திரும்புவேன், காரணம் இவை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினோம். ஓய்வூதியக் கணக்கு, சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம் ஆகியவை சான்று. கைரேகைப் பதிவு முடிந்தது. நவம்பர் முதல் வாரத்தில் உயிர்வாழ்ச் சான்றைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மாத இறுதியிலேயே அவருக்கு விசா வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு மேற்படாத தங்கல் என்பதால் மருத்துவப் பரிசோதனைக் கடிதமும் அவருக்கு வரவில்லை.

அம்மாவுக்கு அக்டோபரில் பரிசோதனைக் கடிதம் வந்தது. கனடா அங்கீகரித்த மருத்துவர் ஒருவரிடம்தான் போக முடியும். எல்லாம் நன்றாகவே போய், மார்பு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு தழும்பு தெரிந்தது.

அம்மாவுக்கு இளம் வயதில் காசநோய் வந்து குணமாகியிருந்தது. ஓட்டேரியில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தார். நெருக்கமான குடித்தனங்களில் வளர்ந்த அந்தத் தலைமுறைக்கு இது புதிதல்ல. ஆனால் அதை வெளியே சொல்வதில் இன்றும் ஒரு கூச்சம் இருக்கிறது. என்னிடமே அவர் அதுவரை சொல்லவில்லை. மருத்துவர் கேட்டபோது ஒருகணம் கணவரைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய், டிரங்குப் பெட்டியின் அடியில் கல்யாணப் பத்திரிகையோடு வைத்திருந்த சிகிச்சை அட்டையை எடுத்து வந்தார். ஓரம் கிழிந்து, மை மங்கி, மருந்து வாங்கிய மாதங்களுக்கு நேரே வரிசையாக முத்திரைகள். கடைசி முத்திரைவரை இருந்தது. சிகிச்சையை நடுவில் விடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

இங்கே பலரும் மனம் உடைந்து விண்ணப்பத்தையே கைவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. குணமான பழைய காசநோய் விசாவுக்குத் தடையல்ல. அவர்கள் அறிய விரும்புவது, இப்போது பிறருக்குப் பரவும் நிலையில் நோய் இருக்கிறதா என்பதை மட்டுமே. அதற்கு அடுத்தடுத்து மூன்று நாள் காலையில் சளி கொடுக்க வேண்டும். அதை நுண்ணோக்கியில் பார்ப்பதோடு வளர்ப்புச் சோதனைக்கும் வைக்கிறார்கள். காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளர்வது. இல்லை என்று உறுதியாகச் சொல்ல எட்டு வாரம் ஆகும். பணம் கொடுத்தோ சிபாரிசு பிடித்தோ அதைச் சுருக்க முடியாது.

சளி கொடுத்து முடித்தபோது நவம்பர் நடுவாகிவிட்டது. எட்டு வாரம் என்றால் பிரசவத் தேதி.

பெரியவர் முதலில் போனார்

டிசம்பரில் பெரியவர் தோஹா வழியாக டொராண்டோ போய்ச் சேர்ந்தார். மனைவி இல்லாமல், வெந்நீர் வைப்பதைத் தவிர அடுப்படியில் எதுவும் செய்யாத மனிதர். சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் அம்மா கல்மண்டபம் கடைகளில் வாங்கி, காயவைத்து, இடித்து, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எதை எத்தனையாம் நாளில் கொடுக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. தண்டையார்பேட்டையில் இரவு எட்டு மணிக்கு அம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, ஸ்கார்பரோவில் காலை ஒன்பதரைக்குப் பெரியவர் மிளகு ரசம் வைத்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் இலங்கைத் தமிழர் கடையில் சுறா கிடைத்திருக்கிறது. அதை அவித்து உதிர்த்துப் புட்டு செய்து மகளுக்குக் கொடுத்தார். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு இல்லாமல் எங்கள் பகுதியில் ஒரு வீடும் இருக்காது. அதை ஒரு தகப்பன் செய்து கொடுத்ததை அம்மா இன்றும் பெருமையாகச் சொல்கிறார்.

இப்படிக் குடும்பத்துக்கு உதவுவது வேலை செய்வதாகுமா என்று மாப்பிள்ளைக்குச் சந்தேகம். வருகையாளர் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாய் ஊதியமின்றி உதவுவது வேலையாகாது என்று கனடிய வழிகாட்டுதல் அதையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அழைப்புக் கடிதத்தில் பிரசவத்துக்கு உதவ வருகிறார் என்று எழுத எவரும் அஞ்ச வேண்டாம். சுற்றிப் பார்க்க வருகிறார் என்று எழுதுவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

இருவரையும் சூப்பர் விசாவில் சேர்த்திருந்தால் பெரியவரும் பரிசோதனைக்குப் போயிருப்பார், ஒருவேளை அவரது விசாவும் தாமதமாகியிருக்கும். இருவரையும் வருகையாளர் விசாவில் அனுப்பியிருந்தால் அம்மா பிரசவத்துக்குப் போயிருப்பார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மகள் வேலைக்குத் திரும்பும்போது அவர் அங்கே இருப்பார் என்று யாரும் உறுதி சொல்லியிருக்க முடியாது. எது முக்கியம் என்று குடும்பம் முன்பே தீர்மானித்திருந்ததால் அந்த எட்டு வாரத்தில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

வளர்ப்புச் சோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை. ஜனவரி இறுதியில் முடிவு போனது. விசா வந்ததும் காப்பீட்டின் தொடக்க நாளை மாற்றி, பிப்ரவரி கடைசியில் அம்மா கிளம்பினார். ஆங்கிலம் தெரியாதவர் என்பதால், நான் யார், எந்த விசாவில் வருகிறேன், யாரிடம் போகிறேன், எவ்வளவு காலம் என்பதை ஒரே பக்கத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக் கையில் கொடுத்தோம். காப்பீடு, அழைப்புக் கடிதம் இரண்டின் நகலும் கைப்பையில், பெட்டியில் அல்ல. முத்திரைக்குப் பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். அதிகாரி 2030 பிப்ரவரி என்று எழுதினார். பழைய காசநோயைக் காரணமாகக் காட்டி, வந்தபின் உள்ளூர்ப் பொது சுகாதாரத் துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு படிவமும் கொடுத்தார்கள். அதை மகள் முப்பது நாளுக்குள் செய்து முடித்தார். இந்தப் படிவத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. அது தங்கும் அனுமதியின் நிபந்தனை.

பிள்ளை வேறு நாட்டில் இருந்தால்

சூப்பர் விசா கனடாவுக்கே உரியது. மற்ற நாடுகளில் விதி வேறு. பத்தாண்டு அமெரிக்க விசா வைத்திருப்பவருக்கும் ஒரு நுழைவுக்குப் பொதுவாக ஆறு மாதமே கிடைக்கும். எந்த நாள்வரை என்பது இணையத்தில் எடுக்கும் ஐ-94 பதிவில் இருக்கிறது, விசாவில் அல்ல. அந்த நாளைத் தாண்டி 180 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கினால் பத்து ஆண்டும் திரும்ப நுழையத் தடை. பிரிட்டனில் பத்தாண்டு வருகையாளர் விசா வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் ஆறு மாதம்தான். ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்.

ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கென 870 என்ற எண்ணுள்ள தற்காலிக விசா இருக்கிறது. மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குக் கிடைக்கும், ஆனால் பிள்ளை முதலில் ஆதரவாளராக அங்கீகாரம் பெற வேண்டும், கட்டணமும் கனடாவைவிடப் பல மடங்கு. அங்கே சாதாரண 600 விசாவில் போகிறவர்கள் 8503 என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது இருந்தால் நாட்டுக்குள் இருந்தபடி நீட்டிப்பு கேட்க ஏறக்குறைய வழியே இல்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

கனடா விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர், அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞராகவோ குடிவரவு ஆலோசகராகவோ இருக்க வேண்டும். ஆலோசகர்களின் பெயர், அவர்களுக்கு உரிமம் தரும் 'கல்லூரி' (College) என்ற கண்காணிப்பு அமைப்பின் பொதுப் பட்டியலில் தேடினால் கிடைக்கும். பணம் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

இப்போது

பெரியவர் 2025 மே மாதத்தில், ஆறு மாதம் முடியும் முன்பே திரும்பினார். 2025 நவம்பரில் உயிர்வாழ்ச் சான்றைக் கொடுத்துவிட்டார். பலமுறை நுழையும் விசா என்பதால் டிசம்பரில் மறுபடி போகிறார். புதிய காப்பீடு எடுத்தாயிற்று. அம்மாவின் முதலாண்டு பாலிசி பிப்ரவரியில் முடிகிறது. இடைவெளி விடாமல் புதுப்பிக்க வேண்டும். குளிர்காலத்தில் அவருடைய ரத்த அழுத்த மாத்திரையை அங்குள்ள மருத்துவர் மாற்றியிருப்பதால், புதிய பாலிசியின் நிலைத்தன்மை நாட்களை மகளும் நானும் இப்போது ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். காப்பகத்தில் இடம் கோடைக்கு முன் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா திரும்பும் தேதியை இன்னும் குறிக்கவில்லை.